அளம் ஓயும் மூன்று மாதம்

தூத்துக்குடிப் பக்கம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் டிசம்பர் வரை உப்பு வார ஆள் வராது. உப்பளத்தை ஓயப் போடுவதும் ஒரு வேலைதான். அதில் அசட்டையாக இருந்தால் தை மாதத்தில் இரட்டிப்பாக உழைக்க வேண்டிவரும்.

செப்டம்பரிலேயே புதுத் தண்ணீர் ஏற்றுவதைக் குறைத்துவிட வேண்டும். நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் கடல்நீர் சுமார் 3 டிகிரி காட்டும். 25ஐத் தொட்டால்தான் உப்பு விளையும். வானம் மூட்டம் போட்ட பிறகு ஏற்றிய தண்ணீர் பாதியில் நின்று மழையோடு போகும். உப்பு விளைந்தபின் மிஞ்சி 29ஐத் தாண்டிய கசப்பு நீரையும் தேங்க விடக் கூடாது. அதிலுள்ள மக்னீசியம் சேர்ந்தால் உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும்.

வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவிக்கும்போது உச்சி கூம்பி, பக்கம் சரிந்திருக்க வேண்டும். தட்டையாக விட்டால் நீர் தங்கிக் குழி பறிக்கும். பனையோலையைக் கூரை வேய்வது போலக் கீழிருந்து மேலே அடுக்குவார்கள். இப்போது பெரும்பாலும் தார்ப்பாய்தான். ஒரு கிழிசல் போதும். வெளியே ஓடு கெட்டியாகத் தெரியும், உள்ளே கரைந்து பொந்தாகியிருக்கும். சுற்றிலும் வடிகால் இல்லையென்றால் அடியும் கரையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய 95 செ.மீ. மழைக்கு எந்த மூடாக்கும் தாங்காது, அது வேறு.

ஓய்வு முதலில் நிலத்துக்குத்தான். தொழிலாளிக்கு வெடித்த பாதம் ஆறும், கூசிய கண் தெளியும். ஆனால் நாள்கூலிக்காரருக்கு வேலையில்லாத மாதம் கூலியில்லாத மாதம். இந்த மூன்று மாதத்துக்கென அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 5000 ரூபாய். பிரித்துப் பார்த்தால் மாதம் 1700கூட வராது.

ஆறிய பாதம் ஜனவரியில் மறுபடி பாத்தியில்தான் இறங்கும். மழைநீரை இறைத்து, வண்டலை வழித்து, வரப்பை அணைத்த பின் தரை இறுக வரிசையாக நின்று மிதிப்பார்கள். பதம் தப்பினால் பாடு வீண். ஈரம் மிஞ்சினால் சேறாகிக் கால் புதையும். காய்ந்துவிட்டால் வெடிப்பு மூடாமல் ஏற்றிய நீர் கீழே இறங்கும். மிதி குறைந்த பாத்தியில் முதல் வாரலிலேயே உப்பு வாரும் பலகையோடு மண்ணும் சேர்ந்து வரும், அந்த உப்பை வியாபாரி ஒதுக்கிவிடுவார்.