சங்காயக் குவியலில் ஒரு ஜோடிக் கண்கள்

காலையில் ராமேஸ்வரம் கடற்கரையில் சங்காயத்தை, அதாவது வலையில் சேர்ந்து வரும் விலைபோகாத சில்லறை மீன்களை, கொட்டினார்கள். குவியலின் மேலேயே ஒரு மாண்டிஸ் இறால், உயிரோடு.

காம்புக் கண்கள் இரண்டும் தனித்தனியே சுழன்றன. ஒன்று என் பக்கம், மற்றது வானத்துப் பக்கம். ஒற்றைக் கண்ணாலேயே தூரத்தைக் கணிக்கும் உயிர் இது.

"தொடாதீங்க தம்பி, கிழிச்சிரும்" என்றார் கூடை எடுத்த அக்கா. பேனாக்கத்தி போல மடிந்த கையின் விளிம்பில் ஆறு முட்கள்!

நம் வலையில் அதிகம் சிக்குவது சேற்றில் வளை தோண்டி, வாசலில் பதுங்கி, இரையைக் குத்திப் பிடிக்கும் இனம். பவளப்பாறையில் வாழும் மயில் மாண்டிஸ் அடித்து உடைக்கும் ஜாதி. நொடிக்கு 20 மீட்டருக்கும் மேலான வேகம். அந்த அடியில் தண்ணீரே குமிழாகி வெடிக்கும், நத்தை ஓடு நொறுங்கும்.

நிறம் அறிய நம் கண்ணில் 3 வகை ஏற்பிகள், அதாவது ஒளியை உணரும் செல்கள். அந்தப் பவளப்பாறை இனங்கள் பலவற்றுக்கு 12! கலங்கல் நீரில் வாழும் சேற்று இனங்களுக்கு அவ்வளவு இல்லை.

படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடல்தரையைச் சுரண்டி இவற்றை வாரி வருகிறது. ஜப்பானில் இதன் உறவினத்தைச் சுஷியில் வைத்து ரசித்துச் சாப்பிடுகிறார்கள். இங்கே பெரும்பாலும் காயவைத்துக் கோழித் தீவனம். உணவு என்ற மதிப்புகூட நாம் தரவில்லையே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.