கேத்தித் தோட்டத்து உருளை

ஏப்ரல் 21
அரை ஏக்கரிலும் குஃப்ரி ஜோதி ரக உருளை நட்டு முடித்தோம். சூப்பர் பாஸ்பேட் மட்டும் மொத்தம் ஆறு மூட்டை வேண்டும். மலைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்குத் தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240, சாம்பல்சத்து 120. சூப்பர் பாஸ்பேட் தரும் மணிச்சத்து இரு மடங்கு என்றால் அதற்குக் காரணம் நம் மண்தான். புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள, செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் போட்டதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. வேருக்குக் கிடைப்பது மிச்சம். அதனால்தான் வீசி எறியாமல், நடும் வரிசையான பாருக்குள்ளேயே, விதைக்கிழங்கில் படாதபடி இட்டேன். மக்னீசியம் சல்பேட்டையும் மறக்கவில்லை. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷில் சல்பேட் வகையே வாங்கினேன். விலை கூடுதல்தான். ஆனால் மலிவான மூரியேட் வகையில் உள்ள குளோரைடு கிழங்கில் நீரை ஏற்றி மாவைக் குறைக்கும்.

மே 23
மேலுரம் இட்டு மண் அணைத்தோம். சரிவின் மேல்தட்டில் ஐந்து பாருக்குத் தம்பி யூரியாவை இரட்டிப்பாக இட்டுவிட்டான். "அக்கா, இலை எப்படி வருகிறது பாருங்கள்" என்றான். எனக்கு மனமே இல்லை.

ஜூலை 2
இலை வந்திருக்கிறது, இடுப்பளவு, கரும்பச்சையாக. வழியில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். இரு இடத்திலும் ஒவ்வொரு செடி பறித்தேன். கீழ்த்தட்டில் எலுமிச்சை அளவுக் கிழங்கு, மேலே நெல்லிக்காய். யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையையே வளர்த்துக்கொண்டிருக்கும், கிழங்கு கட்டத் தாமதிக்கும். இந்த அடர்த்தியில் மழை ஈரம் காய்வதே இல்லை. பின்கருகல் நோய் பயத்தில் காலையும் மாலையும் இலையைத் திருப்பிப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 24
அறுவடை. மேல்தட்டில் செடி இன்னும் பச்சை. கிழங்குத் தோல் முற்றவில்லை, பெருவிரலால் தேய்த்தாலே உரிகிறது. கீழ்த்தட்டுக் கிழங்கின் தோல் இறுகிப் பிடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 25
ஒரே அளவில் இரு தட்டிலிருந்தும் பத்துப் பத்துக் கிழங்கெடுத்து, வாளித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் கரைத்தேன். முதலில் மிதந்தவை மேல்தட்டுக் கிழங்குகள். மாவு குறைந்தால் கனமும் குறையும். வேகவைத்தபோது அவை சொதசொதவென்று இருந்தன. கீழ்த்தட்டுக் கிழங்கு வெடித்து மாவாய்ச் சொரிந்தது. தம்பி இரண்டையும் தின்றான், ஒன்றும் பேசவில்லை. பிறகு அவனே எழுந்துபோய் மேல்தட்டுக் கிழங்கைத் தனிச் சாக்கில் கட்டினான். அது நாளைக்கே மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. விதைக்கு எடுத்துவைப்பது கீழ்த்தட்டுக் கிழங்கு மட்டுமே.