ஆர்டர் வரும்வரை அமுக்கரா

ஏப்ரல் 4
இவருடைய டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இன்றும் வரவில்லை. விடிகாலை மூன்று மணிக்கு மாடி வீட்டில் மோட்டார் போட்டார்கள், அப்புறம் தூக்கமாவது ஒன்றாவது.

ஏப்ரல் 5
பழைய டெல்லி மசாலா, மூலிகைச் சந்தையான காரி பாவ்லி போனேன். ஃபத்தேபுரி மசூதியைத் தாண்டியதுமே மிளகாய் நெடி, தும்மிக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. தூக்கத்துக்காக அமுக்கரா, அதாவது அஸ்வகந்தா வேர், வாங்கத்தான். அங்கே அஸ்கந்த் என்று கேட்டால்தான் கிடைக்கும். கடைக்காரர் இரண்டு டப்பா திறந்தார். ஒன்று ஒல்லி வேர், நார் நாராக இருந்தது. இன்னொன்று விரல் தடிமன், பட்டென்று உடைந்தது, உள்ளே மாவு மாதிரி வெள்ளை. நாகோரி, அதாவது ராஜஸ்தான் நாகோர் ஊர்ச் சரக்கு என்றார். பேருக்குத்தான் நாகோரி, இப்போது நிறைய விளைவது மத்தியப் பிரதேசத்தில், நீமச், மந்த்சௌர் பக்கம். மூக்கருகே கொண்டுபோனால் குதிரை லாயம்தான். அந்த நாற்றம் இருந்தால்தான் நல்ல சரக்கு என்று அத்தை போனிலேயே சொல்லியிருந்தார். கால் கிலோ.

ஏப்ரல் 7
வேரை இடித்து அப்படியே சாப்பிடக் கூடாதாம், பால் ஆவியில் பிட்டவிக்க வேண்டுமாம். இட்லிப் பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் துணி கட்டி, அதன்மேல் பொடியைப் பரப்பி மூடினேன். பக்கத்து ஃபிளாட் பஞ்சாபி ஆன்ட்டி எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். மொட்டை மாடியில் காயப் போட்டேன், டெல்லி வெயிலுக்கு ஒரே மதியம் போதும்.

டிசி இப்போதே கேட்டால் ஸ்கூலில் ஏன் என்று கேட்பார்கள். கேட்காமல் விட்டால் ஜூனில் ஓட வேண்டும்.

ஏப்ரல் 8
அரை ஸ்பூன், சூடான பால், பனங்கற்கண்டு. கசப்பு அடிநாக்கிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 9
வரவில்லை.

ஏப்ரல் 13
நேற்று மோட்டார் சத்தமே கேட்கவில்லை. பொடியாலா, பாலாலா, போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுத்ததாலா, யாருக்குத் தெரியும்.

ஏப்ரல் 15
எழுந்து உட்கார்ந்துகொண்டு படிக்க ஆரம்பித்தது தப்பில்லை, படித்ததுதான் வயிற்றைக் கலக்குகிறது. 2019-ல் தூக்கமில்லாத 60 பேரை வைத்து ஒரு ஆய்வு, பத்து வாரம், பலன் இருந்தது என்கிறார்கள், ஆனால் கொடுத்தது 300 மில்லிகிராம் சாறு மாத்திரை, தினம் இரண்டு வேளை, நான் இடித்துச் சலித்த பொடி இல்லை. சரி, அது போகட்டும். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றிவிடலாமாம், தைராக்ஸின் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாதாம். கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது. அபூர்வமாக சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. டென்மார்க் 2023-ல் தடையே போட்டுவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் தைராக்ஸின், ராத்திரி இது, இப்போது நெஞ்சு படபடக்கிறதே, இது ஹார்மோனா, ஆர்டரா, படித்த பயமா?

அத்தையைக் கேட்டேன். "உன் பாட்டி வருஷக்கணக்கா சாப்பிட்டாங்க, ஒண்ணும் ஆகல." பாட்டி தைராக்ஸின் சாப்பிடவில்லையே அத்தை.

ஏப்ரல் 17
டாக்டர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. பொடியை நிறுத்துங்கள், ஆறு வாரம் கழித்து தைராய்டுக்கான டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பாருங்கள் என்றார். ஆறு வாரம் கழித்து நான் எந்த ஊரில் இருப்பேன், எந்த லேபில் ரத்தம் கொடுப்பேன் என்று அவரிடம் கேட்க முடியுமா.

ஏப்ரல் 18
வீணாகப் போகிறதே, நான் சாப்பிடட்டுமா என்று டப்பாவைத் திறந்தார் இவர். பிரஷர் மாத்திரை போடுகிறவர். அமுக்கராவும் பிரஷரை இறக்கும் என்று பிடுங்கி உள்ளே வைத்தேன். கோபித்துக்கொண்டு வெறும் பால் குடித்துவிட்டு ஒன்பதரைக்கே குறட்டை.

ஏப்ரல் 19
மோட்டார்.

ஏப்ரல் 21
எதிர் பிளாக்கில் வந்துவிட்டதாம். குவஹாத்தி.

ஏப்ரல் 22
மதியம் இவர் போன். லிஸ்ட் வந்திருக்கிறது, பிடிஎஃப் திறக்க மாட்டேன் என்கிறது, நீ திறந்து பார் என்று எனக்கு அனுப்பியிருக்கிறார். 46 பக்கம், தேட முடியாத ஸ்கேன்.