வெண்ணெய் மணம்

நவம்பர் 4, 2023
காய்ச்சல் விட்டுப் 11 நாட்கள் ஆகின்றன. ஒயின்களைச் சுவைத்து மதிப்பெண் இடும் எனக்கு முகரும் திறன் இன்னும் திரும்பவில்லை.

நவம்பர் 6
கறுப்புக் கிளாஸ்களில் இரண்டு ஒயின்களை ஊற்றித் தரச் சொல்லி, நிறம் தெரியாமல் சுவைத்தேன். ஷப்லி என்ற வெள்ளை ஒயின் எதுவென்று உடனே தெரிந்தது. அதன் புளிப்பு பட்டதும் நாக்கின் ஓரங்களில் நீர் ஊறிற்று. ஜெவ்ரே-ஷாம்பெர்தான் என்ற சிவப்பு ஒயின் ஈறுகளைச் சற்றே இறுக்கியது. அது உருவாகும் பினோ நுவார் திராட்சையின் தோல் மெல்லியது, துவர்ப்பும் அந்த அளவுதான். இவ்வளவையும் நாக்கே சொல்லிவிடுகிறது. ஆனால் செர்ரியும் ஈர மண்ணும் காளானும் மூக்கின் வழியாக மட்டுமே வருபவை. அவை இல்லாமல் 100 யூரோ ஒயினும் 5 யூரோ ஒயினும் எனக்கு ஒன்றாகிவிட்டன. இந்த நிலையில் 20க்கு இத்தனை என்று எழுதுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம். மதிப்பெண் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

நவம்பர் 7
மெர்சோ என்ற வெள்ளை ஒயினில் வெண்ணெய் மணம் இல்லை.

நவம்பர் 10
மெர்சோவின் வெண்ணெய் மணத்தைத்தான் தினமும் தேடுகிறேன். ஆப்பிளில் இருப்பதைப் போலவே ஒயினிலும் உள்ள கூரிய மாலிக் அமிலத்தை பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டைஅசிட்டைல் உண்டாகிறது; அந்த மணம் அதனுடையது. அதிகம் குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும் என்பதால் 12 டிகிரிக்கு வரவிட்டு, கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக் காத்திருந்தேன். ஒன்றும் எழவில்லை. 19ஆம் தேதி பிரான்சின் போன் (Beaune) நகரத்தில் ஒயின் ஏலம், 1859இல் தொடங்கியது. அதற்காக வருகிறவர்களுக்குக் குறிப்பு எழுத வேண்டியவன் நான்.

நவம்பர் 14
மெர்சோ புட்டியைத் திறந்ததும் ஒரு வாடை வந்தது: நனைந்த அட்டைப்பெட்டி. கை நடுங்கிவிட்டது. தக்கையிலிருந்து டிசிஏ என்ற வேதிப்பொருள் ஏறிய ஒயின் இப்படித்தான் நாறும். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். ஆனால் காய்ச்சலுக்குப் பிறகு நல்ல மணமும் நாற்றமாகத் தோன்றக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். கெட்டது புட்டியா, மூக்கா? தக்கையை மூன்று முறை முகர்ந்தேன். காபித்தூளை முகர்ந்தேன், அதில் எதுவும் தெரியவில்லை. தூக்கம் வரவில்லை.

நவம்பர் 15
நிலவறையைக் கவனித்துக்கொள்ளும் பெரியவரிடம் எதுவும் சொல்லாமல் கிளாஸை நீட்டினேன். ஒருமுறை முகர்ந்ததும் முகத்தைச் சுளித்து, "தக்கை கெடுத்துவிட்டது, கொட்டிவிடுங்கள்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 17
அதே ஆண்டின் இரண்டாவது புட்டி, 12 டிகிரி. வறுத்த ஹேசல்நட் மெல்லத் தெரிகிறது. வெண்ணெய் தானாக வருகிறதா, நான் வரவழைத்துக்கொள்கிறேனா என்று பிரித்தறிய முடியவில்லை. 16 என்று எழுதி அடித்துவிட்டேன்.