ரோபோவின் காற்றழுத்த அமைப்பு: ஆய்வுக்குப் போகும் முன்

எஃப்ஆர்சி (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) விதிப்படி, காற்றைத் தேக்கும் சேமிப்புப் பக்கம் 120 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) தாண்டக் கூடாது, சிலிண்டர்களை இயக்கும் வேலைப் பக்கம் 60ஐத் தாண்டக் கூடாது, அழுத்தம் மிஞ்சினால் தானே காற்றை விடும் ரிலீஃப் வால்வு 125இல் திறக்க வேண்டும். இவற்றைப் போட்டிக்கு முன் ஆய்வாளர் சோதிப்பார். ஒன்றரை அங்குல விட்டமுள்ள சிலிண்டர் 60 பிஎஸ்ஐயில் ஏறத்தாழ 48 கிலோ எடைக்கு நிகராகத் தள்ளும். விரல் நசுங்க அது தாராளம். அழுத்தம் ஏறியிருக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணியாதவர் யாரும் ரோபோ அருகில் நிற்க வேண்டாம்.

ரிலீஃப் வால்வை கம்ப்ரசரை ஒட்டியே பொருத்துங்கள். பிரஷர் சுவிட்சும் நிரலும் ஒருசேரக் கைவிட்டாலும் காப்பது அதுதான். அமைக்கும்போது திருகை முதலில் நன்றாகத் தளர்த்தி, குறைந்த அழுத்தத்திலேயே சீறவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி 125க்கு வாருங்கள். பிரஷர் சுவிட்ச் முன்னதாகவே கம்ப்ரசரை நிறுத்திவிடும் என்பதால் அந்த நேரத்துக்கு மட்டும் சுவிட்சைத் தவிர்த்து, தற்காலிக ஒயரால் நேராக இணைக்க வேண்டியிருக்கும். ஒருவர் கை, காற்றைத் திறந்துவிடும் வெளியேற்று வால்வின் மேலேயே இருக்கட்டும். முடிந்ததும் அந்தத் தற்காலிக ஒயரைக் கழற்றியாயிற்றா என்று இன்னொருவர் பார்க்க வேண்டும்.

கசிவு பெரும்பாலும் டியூபின் முனையில்தான். கத்தரிக்கோல் டியூபை நசுக்கி நீள்வட்டமாக்கிவிடும். டியூப் கட்டரால் நேராக வெட்டி, கடைசிவரை செருகி, ஒருமுறை இழுத்துப் பாருங்கள். டெஃப்லான் டேப்பை முதல் மரையை விட்டுவிட்டு, திருகும் திசையிலேயே இரண்டு மூன்று சுற்று சுற்றினால் போதும். முனையில் தொங்கும் துணுக்கு உள்ளே போய் சோலினாய்டை (மின்சாரத்தால் காற்றின் வழியை மாற்றும் வால்வு) அடைத்துக்கொள்ளும். பிறகு 120க்கு ஏற்றி, கம்ப்ரசரை நிறுத்தி, சோப்புநீர் தடவுங்கள்.

பலரும் சறுக்குவது காற்றை வெளியேற்றும் சோதனையில். வெளியேற்று வால்வைத் திறந்ததும் இரண்டு பக்கத்து அழுத்தமானிகளும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். வந்த பிறகும் சிலிண்டர் தண்டு கைக்கு விறைப்பாக இருந்தால், காற்று எங்கோ சிறைப்பட்டிருக்கிறது: வழியில் ஒரு செக் வால்வு (காற்றை ஒரு திசையில் மட்டும் விடுவது), அல்லது நடுநிலையில் மூடிக்கொள்ளும் மூன்றுநிலை சோலினாய்டு. மானியை மட்டும் நம்பி டியூபைக் கழற்றினால் கை அகப்படும்.

ஒற்றைச் சுருள் சோலினாய்டு மின்சாரம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும். இரட்டைச் சுருள் இருந்த இடத்திலேயே நிற்கும். ரோபோவை முடக்கிய கணத்தில் ரோபோவின் எந்தக் கை நகரலாம், எது நகரக் கூடாது என்று முடிவு செய்துவிட்டு வாங்குங்கள்.

பாகங்களின் அழுத்தத் தாங்குதிறன் காட்டும் தரவுத்தாள்களை அச்செடுத்து வையுங்கள், ஆய்வாளர் கேட்பார். பிவிசி குழாயில் தொட்டி செய்யும் யோசனையே வேண்டாம், உடைந்தால் சில்லு சில்லாகத் தெறிக்கும்.