பருத்தி நூலில் ஒரு கேபிள் கார்டிகன்: பின்னி முடித்த அனுபவம்

பெரியம்மாவுக்காகப் பின்னத் தொடங்கிய முன்பக்கம் திறந்த கார்டிகன், கடைசிப் பொத்தானும் தைக்கப்பட்டு, மார்கழி பிறப்பதற்குள் முடிந்துவிட்டது. முதுகில் கயிறு முறுக்கியதுபோல் புடைத்துத் தெரியும் நான்கு கேபிள் முறுக்குகள், முன்பக்கத் துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு முறுக்குகள், தனியாகப் பின்னிப் பொருத்திய கைகள், ஏழு பொத்தான்கள், ஏறத்தாழ 600 கிராம் பருத்தி நூல். நான் பின்னியவற்றில் இதைவிடக் கடினமான ஒன்று இதுவரை இல்லை. கைவசம் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை கம்பளி நூலுக்காகவும், சட்டைக்கு மேல் அணிவதற்காகவும் எழுதப்பட்டவை. சென்னையில், பருத்தியில், புடவைக்கு மேல் அணிவதற்கென்று ஒன்றைப் பின்ன வேண்டுமானால், அந்தச் செய்முறையின் ஒவ்வோர் எண்ணையும் திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குகள் வேறு யாருக்காவது உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சென்னையில் கார்டிகன் எதற்கு என்று கேட்பவர்கள் டிசம்பர் மாதம் ஒரு சபா அரங்கில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியே மார்கழியிலும் இரவு வெப்பநிலை 20 பாகையை ஒட்டித்தான் நிற்கும். உள்ளே குளிர்சாதனக் காற்று நேராகத் தோளில் இறங்கும். சால்வை போர்த்திக்கொள்ளலாம்தான், ஆனால் தாளம் போடுகிறவர்களுக்கு அது தோளில் நிற்பதில்லை. பெரியம்மா பல்லவி முடியும்வரை கையை நிறுத்தாதவர். அளவெடுக்கப் போனபோது அவர் சொன்னது இவ்வளவுதான்: “கம்பளி வேண்டாம்டி, கழுத்தெல்லாம் அரிக்கும். கையை மணிக்கட்டு வரைக்கும் இழுக்காதே. முழங்கைக்குக் கீழே நாலு விரக்கடை போதும், தாளம் போடறச்சே இடிக்கக் கூடாது.” இந்த வார்த்தைகளில் நூலும் கை நீளமும் முடிவாகிவிட்டன.

நூலைச் சௌகார்பேட்டையில் வாங்கினேன். சென்னையில் குரோஷே நூலுக்குப் பஞ்சமே இல்லை. 2016 ஜனவரியில் 11,000 சதுர மீட்டருக்கும் பெரிய குரோஷே போர்வையை உருவாக்கி உலக சாதனை படைத்த பெண்கள் ஒன்றுகூடிய ஊர் இது. ஆனால் கொக்கி ஊசிக்கு ஏற்ற மெல்லிய, இறுக்கமாக முறுக்கிய நூல் வேறு, இரட்டை ஊசிப் பின்னலுக்கு வேண்டிய நூல் வேறு. மெர்சரைஸ் செய்த, அதாவது காரக் கரைசலில் பதப்படுத்திய நூலுக்குப் பளபளப்பும் வலுவும் உண்டு, என்றாலும் ஊசியில் வழுக்கும். பின்னிய துணியும் கனமாகத் தொங்கும். ஆகவே மெர்சரைஸ் செய்யாத, 8 பிளை (எட்டு இழை சேர்த்து முறுக்கிய), சந்தன நிறப் பருத்தி நூலைத் தேர்ந்தெடுத்தேன். எல்லாப் பந்துகளும் ஒரே சாயத் தொகுதியைச் சேர்ந்தவைதானா என்று பட்டையில் அச்சிட்டிருந்த லாட் எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்க வேண்டும். வெளிர் நிறத்தில் தொகுதி மாறினால் முதுகின் நடுவே கோடு விழுந்ததுபோல் தெரியும்.

பருத்தியின் குணத்தைப் புரிந்துகொள்ளாமல் ஒரு கண்ணிகூடப் போடக் கூடாது என்பது என் கருத்து. கம்பளி இழையில் இயல்பாகவே சுருள் இருப்பதால் இழுத்தால் நீண்டு, விட்டால் திரும்பி வரும். பருத்தியில் அந்தச் சுருள் கிடையாது. நீண்டது நீண்டதாகவே இருந்துவிடும். பருத்தி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிராம், கம்பளியினுடையது 1.3 கிராம். அதாவது அதே அளவு ஸ்வெட்டர் பருத்தியில் கூடுதல் கனமாக இருக்கும், அந்தக் கனம் முழுவதும் தோளிலிருந்து தொங்கும், தொங்கத் தொங்க நீளும். கம்பளி நூலின் இரு முனைகளை ஈரப்படுத்தி உள்ளங்கையில் தேய்த்தால் இழைகளின் செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஒட்டிவிடும். பருத்தியில் அதுவும் நடக்காது. புதுப் பந்தை எப்போதும் வரிசையின் ஓரத்தில்தான் தொடங்க வேண்டும், அப்போதுதான் நுனிகளைப் பக்கத் தையலுக்குள் மறைக்க முடியும்.

இதனால்தான் மாதிரித் துண்டுக்கு மற்ற எதைவிடவும் அதிக முக்கியத்துவம் கொடுத்தேன். 4 மில்லிமீட்டர் ஊசியில் உள்ளங்கையைவிடப் பெரிதாக ஒரு துண்டைப் பின்னி, துவைத்து, படுக்கைவசத்தில் காயவைத்து அளந்ததில், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் வந்தன. பெரும்பாலான செய்முறைகள் இத்துடன் நிறுத்திக்கொள்ளும். நான் அதே துண்டைத் துணிக்கொடியில் மாட்டி, கீழ் ஓரத்தில் வரிசையாகத் துணி கிளிப்புகளைக் கவ்வவிட்டு, இரவு முழுவதும் தொங்கவிட்டு மறுபடியும் அளந்தேன். அகலத்தில் மாற்றமில்லை, 10 சென்டிமீட்டர் நீளம் 10.4 ஆகியிருந்தது. இந்த 4 சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். 58 சென்டிமீட்டர் நீளமுள்ள உடையில் அது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும்; இடுப்பில் நிற்க வேண்டிய, வரிவரியாகப் பின்னிய ரிப் பட்டி கொசுவத்துக்கு மேல் சரிந்து உட்காரும். எனவே பெரியம்மாவுக்கு வேண்டிய 58 சென்டிமீட்டருக்கு 56 சென்டிமீட்டர் மட்டும், அதாவது 168 வரிசைகள் பின்னினேன்.

அகலக் கணக்கில் புடவை குறுக்கிட்டது. மார்பளவை ரவிக்கைக்கு மேல் எடுத்தால் போதாது. புடவை கட்டி, முந்தானையை மடித்துத் தோளில் குத்திய பிறகுதான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்த அளவு 94 சென்டிமீட்டர். அதனுடன் 8 சென்டிமீட்டர் தளர்வு சேர்த்து 102. முதுகுக்கு அதில் பாதி, 51 சென்டிமீட்டர், அதாவது 112 கண்ணிகள். கேபிள் முறுக்குகள் துணியை உள்ளே இழுக்கும் என்பதால் முறுக்குக்கு இரண்டு வீதம் எட்டு, பக்கத் தையலுக்கு இரண்டு, ஆக 122 கண்ணிகள். இந்த எட்டு கூடுதல் கண்ணிகளைத் தொடக்கத்திலேயே போட்டுவிட்டால் ரிப் பட்டி அகன்று விரியும்; ஆதலால் பட்டி முடிந்த அடுத்த வரிசையில் சேர்த்து, தோளுக்குச் சற்று முன் குறைத்தேன்.

கம்பளிச் செய்முறை எதிலும் பார்த்திராத ஒரு மாற்றம் இடத்தோளில் தேவைப்பட்டது. மடித்துக் குத்திய முந்தானை அத்தனை மடிப்புகளோடும் அங்கே இருக்கிறது. பட்டுப்புடவையானால் ஜரிகை வேறு. இரு தோள்களையும் ஒரே சரிவில் பின்னினால் இடப்பக்கம் தூக்கிக்கொண்டு, பொத்தான் பட்டி கோணலாக நிற்கும். ஆகவே வலத்தோளின் சரிவைக் குறுவரிசைகளால் (கடைசிவரை போகாமல் நடுவிலேயே திரும்பும் வரிசைகளால்) 8 வரிசை உயரத்துக்கும், இடத்தோளின் சரிவை 6 வரிசை உயரத்துக்கும் அமைத்தேன். மேசைமீது விரித்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. புடவைக்கு மேல் அணிந்தால் இரு பக்கமும் சமமாக உட்காருகிறது.

இனி கேபிள். கண்ணிகளை ஓர் உபஊசியில் எடுத்து முன்னே நிறுத்தி அடுத்த கண்ணிகளைப் பின்னினால் முறுக்கு இடப்பக்கம் சாயும். பின்னே நிறுத்தினால் வலப்பக்கம் சாயும். முதுகின் இடப்பாதியும் வலப்பாதியும் ஒன்றுக்கொன்று எதிராகச் சாய வேண்டும் என்பதால், வரைபடத்தைச் சிக்குக் கோலத்தைப் பார்ப்பதுபோல், எந்தக் கோடு மேலே போகிறது, எது கீழே நுழைகிறது என்று கண்ணால் தொடர்ந்து பழகிக்கொண்டேன். அது பழகிய பிறகு எண்ணிக்கைக் காகிதம் தேவைப்படவில்லை.

கேபிள் பின்னல் என்றதும் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள அரன் தீவுகளைச் சொல்வார்கள். குடும்பத்துக்கு ஒரு வடிவம் இருந்தது, கடலில் மூழ்கிய மீனவரை அதைக் கொண்டே அடையாளம் கண்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை, அந்த அடர்ந்த கேபிள் ஸ்வெட்டர்கள் 20ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றன. பின்னுகிறவருக்கு அக்கதையைவிட முக்கியமானது, அவை துள்ளும் கம்பளியில் பின்னப்பட்டவை என்பது. முறுக்கின் ஓரத்தில் விழும் இடைவெளியைக் கம்பளி தானே சுருங்கி மூடிவிடும். பருத்தியில் அது மூடாது. ஆறு கண்ணி முறுக்கின் கடைசி நிட் (நேர்) கண்ணியும், அதை ஒட்டிய முதல் பர்ல் (எதிர்) கண்ணியும் சந்திக்கும் இடத்தில் ஏணிப்படிபோல் நூல் தெரியும்.

அதற்கு நான் கையாண்ட வழி இது. முறுக்கு முடிந்ததும் வரும் முதல் பர்ல் கண்ணிக்கு நூலை வழக்கம்போல் ஊசிக்கு மேலாகச் சுற்றாமல், ஊசிக்கு அடியில் கொடுத்து அப்படியே இழுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாதை குறுகியது. நூல் சற்றுக் குறைவாகவே செலவாகும், அந்தக் கண்ணி பக்கத்து நிட் கண்ணியை நெருக்கிப் பிடிக்கும். இப்படிச் செய்தால் கண்ணி ஊசியில் திரும்பி உட்கார்ந்திருக்கும். அதனால் மறுபக்க வரிசையில் அதே கண்ணி வரும்போது அதன் முன்காலில் (ஊசிக்கு முன்புறம் இருக்கும் நூலில்) பின்னாமல் பின்காலில் ஊசியை நுழைத்துப் பின்ன வேண்டும், இல்லையென்றால் முறுக்கிக்கொள்ளும். இதை எல்லா முறுக்கிலும், எல்லா வரிசையிலும் செய்தபின் கேபிளின் விளிம்பு உளி வைத்துச் செதுக்கியதுபோல் கூர்மையாக நிற்கிறது. இந்தக் கார்டிகனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலையில் மட்டுமே பின்னினேன். வியர்த்த விரலில் சந்தன நிற நூல் அழுக்காகிறது, மூங்கில் ஊசியில் பருத்தி பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. துருப்பிடிக்காத எஃகில் செய்த, 80 சென்டிமீட்டர் வட்ட ஊசி இந்த ஊருக்கு ஏற்றது; கனத்தை மணிக்கட்டு தாங்காமல் மடி தாங்கிக்கொள்ளும்.

கைகள் இரண்டையும் ஒரே வட்ட ஊசியில், இரு பந்துகளைக் கொண்டு, அருகருகே பின்னினேன். கண்ணி கூட்டுவது, குறைப்பது எல்லாம் ஒரே வரிசையில் நடப்பதால் இரண்டும் சம அளவில் வந்துவிடும். கையின் மேல் வளைவின் சுற்றளவு கைக்குழியின் சுற்றளவைவிட ஒரு சென்டிமீட்டர் மட்டும் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

தையலே இல்லாமல் கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஒரே துண்டாகப் பின்னும் முறை இப்போது பலருக்கும் விருப்பமானது. கனமான பருத்திக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கத் தையல்தான் இந்த உடைக்கு எலும்பு. 8 பிளை நூலைப் பிரித்து நான்கு பிளை எடுத்து, ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே உள்ள சிறு குறுக்கு நூல்களை இப்பக்கம் இரண்டு, அப்பக்கம் இரண்டு என்று கோத்து மெல்ல இழுத்தால் இரு துண்டுகளும் இணைந்து தையலே மறைந்துவிடும். தோள்களை மூன்றாவது ஊசி கொண்டு இரு துண்டுகளின் கண்ணிகளையும் சேர்த்து மூடினேன். அதற்கு மேலும், ஒரு தோள் முனையிலிருந்து பின்கழுத்து வழியாக மறு தோள் முனை வரை, உட்புறத்தில் அரை அங்குலப் பருத்தி நாடா ஒன்றைக் கைத்தையலாகத் தைத்தேன். பாவாடை நாடாவைவிடக் கெட்டியாக நெய்த நாடா வேண்டும். முன்னதாகத் துவைத்துச் சுருக்கிக்கொள்ளவும் வேண்டும். தோள் தொங்காமல் தடுப்பதோடு, நூல் நுனிகள் ஜரிகையில் மாட்டாதபடியும் அது மூடிவிடுகிறது.

பொத்தான் பட்டிக்கு ஓரத்திலிருந்து கண்ணி எடுக்கும் விகிதத்தை டென்ஷனே, அதாவது மாதிரித் துண்டில் 10 சென்டிமீட்டருக்கு வந்த எண்ணிக்கையே சொல்லிவிடும். 30 வரிசை உயரமும் 22 கண்ணி அகலமும் சமம் என்றால், நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி. கழுத்துப் பட்டி உட்பட முன் ஓரம் 156 வரிசைகள். ஆகவே 117 கண்ணிகள். காஜா ஏழு, ஒவ்வொன்றுக்கும் மூன்று கண்ணி. இரு முனைகளிலும் மும்மூன்று. நடுவே உள்ள ஆறு இடைவெளிகளுக்குப் பதினைந்து வீதம். கூட்டினால் சரியாக 117 வரும். பருத்தியில் காஜா நாளடைவில் தளரும் என்பதால் பொத்தான் சற்றுச் சிரமப்பட்டு நுழையும் அளவுக்கே விட்டேன். பொத்தான்கள் தேங்காய்ச் சிரட்டையில் செய்தவை. கனமில்லை, சந்தன நிறத்துக்கும் பொருந்துகின்றன. அவற்றைத் தாங்கும் பட்டியின் உட்புறத்திலும் அதே நாடா உண்டு.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் 600 கிராம் ஈரப் பருத்தியைக் காயவைப்பது தனி வேலை. பிழியாமல், பெரிய துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்தேன். பிறகு கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்து, அதன்மேல் அளவுப்படி பரப்பி, துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஓரங்களை நிறுத்தி, மின்விசிறிக்குக் கீழே வைத்தேன். கட்டிலின் கயிற்று இடைவெளி வழியாக அடியிலும் காற்று போவதால் பூஞ்சை வாடை வரவில்லை. தரையில் விரித்தால் சென்னை ஈரத்தில் அடிப்பக்கம் நாட்கணக்கில் காயாது.

பெரியம்மா இதை அணிந்து முழுக் கச்சேரிகள் கேட்டுவிட்டார். கை தொடையில் இடிக்கவில்லை, இடத்தோள் தூக்கவில்லை. அதன்பின் தோளிலிருந்து கீழ் ஓரம் வரை அளந்து பார்த்ததில் டேப் 58 சென்டிமீட்டரைக் காட்டியது. கொடியில் மாட்டாமல் மடித்து வைக்கும்படி சொல்லியிருக்கிறேன். அடுத்ததாக அம்மாவுக்குப் பருத்தியும் கம்பளியும் கலந்த நூலில் ஒன்று பின்னவிருக்கிறேன். கைக்குழி, தோள் சரிவு, பட்டிக் கணக்கு மூன்றையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்; நீளத்தை மட்டும் புது நூலின் மாதிரித் துண்டைக் கொடியில் தொங்கவிட்டு அளந்த பிறகே முடிவு செய்வேன்.