இரண்டு வெள்ளியை எத்தனை விதமாகக் கொடுக்கலாம்?

மகன் உயர்நிலை 2 படிக்கிறான். போன சனிக்கிழமை சிங்கப்பூர் தேக்காவில் பசியாறிக்கொண்டிருந்தபோது கேட்டான்: "அம்மா, சமன்பாட்டுல எக்ஸ் மட்டும் இருந்தா விடை வருது, ஒய்யும் சேர்ந்துட்டா ஏன் வரமாட்டேங்குது?"

வராமல் இல்லை, அளவுக்கு மீறி வருகிறது, அதுதான் சிக்கல். 4 பரோட்டா 6 வெள்ளி என்றால் ஒன்று 1.50, வேறு பேச்சே இல்லை. 3 பரோட்டா, 2 தே (தேநீர்), மொத்தம் 7.70 என்று மட்டும் தெரிந்தால்? பரோட்டா 1.50, தே 1.60 ஆக இருக்கலாம், 1.70, 1.30 ஆகவும் இருக்கலாம். வரைபடத்தில் போட்டால் ஒரு நேர்க்கோடு முழுக்க விடைதான். ஆகவே இன்னொரு நாள் ரசீது வேண்டும், அதிலும் 6 பரோட்டா, 4 தே, 15.40 என்று வந்தால் பிரயோசனமில்லை, அது பழையதையே இரட்டிப்பாகச் சொல்கிறது. 2 பரோட்டா, 2 தே, 6.20 என்று வந்தால் கழித்த கையோடு பரோட்டா விலை வந்து விழும்.

சரி, இது பள்ளிப்பாடம். எனக்குப் பிடித்தது அடுத்தது: விடை முழு எண்ணாகத்தான் இருக்கவேண்டும் என்றால்?

சில்லறைப் பையை மேசையில் கொட்டினேன். இரண்டு வெள்ளி, அதாவது 200 காசு, கொடுக்கவேண்டும். 50 காசு மட்டும் என்றால் நான்கு, ஒரே வழி. 20 காசையும் சேர்த்துக்கொள்ளலாம், ஏதாவது ஒன்று இல்லாமலும் இருக்கலாம் என்றேன். அடுக்கிப் பார்த்தான்: பத்து 20; ஐந்து 20உடன் இரண்டு 50; நான்கு 50. மூன்றே வழி. ஒற்றை 50 ஏன் ஆகாது என்று கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தவன், மிச்சம் 150 காசு 20ஆல் வகுபடாது என்று தானே சொன்னான். (இப்படிப்பட்ட சமன்பாடுகளில் பெரிய எண்களை இடித்து இடித்துச் சிறிதாக்கி முழு எண் விடை காணும் முறையை ஆரியபட்டர் 499இலேயே சொல்லிவிட்டார், அதற்குக் குட்டகம் என்று பெயர், பொடியாக்குவது என்று பொருள்.)

அப்புறம் 10 காசும் வந்தது. "ஆறு, ஏழு வழி இருக்கும்" என்றான். ரசீதின் பின்பக்கம் எழுதினோம்: 50 இல்லாமல் 11, ஒன்று வைத்தால் 8, இரண்டுக்கு 6, மூன்றுக்கு 3, நான்குக்கு 1. கூட்டினால் 29! காசு வகை (சமன்பாட்டில் மாறி) ஒன்றிலிருந்து இரண்டானபோது ஒரு வழி மூன்றாகியது, வகை மூன்றானபோது 29. இப்படித் தாவும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை, உண்மையைச் சொன்னால் நானும்தான்.

மேசை துடைக்க வந்த ஆன்ட்டி சில்லறைக் குவியலைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பக்கத்து மேசைக்குப் போய்விட்டார். "5 காசையும் சேர்த்தா?" என்றான். தே ஆறிப்போச்சு, வீட்டுல போய்ப் போடு என்றேன்.

இரவு பத்து மணிக்கு அறைக்குள்ளிருந்து குரல் வந்தது: "242!" நான் தனியாகப் போட்டுப் பார்த்தேன், அதேதான்.